வீட்டில் மூன்று தலைமுறை மீன்பிடி, நான் முதலில் தூண்டில் போட்டது அந்தமானில்

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. தாத்தா கட்டுமரம், அப்பா வள்ளம், பெரியப்பா மகன்கள் விசைப்படகு. எனக்கு 34 வயதாகும் வரை நான் கடலுக்குள் போனதே இல்லை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகை இதில் சேர்க்க முடியாது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் வள்ளத்தில் ஏறுவதில்லை, ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை. கரையில் நின்று வள்ளம் வருவதைப் பார்த்திருக்கிறேன், பள்ளிக்கூடம் லீவு விட்டால் அம்மாவோடு ஏலத்துக்குப் போயிருக்கிறேன், ஒரு குவியல் சாளையைப் பார்த்ததும் எவ்வளவுக்குப் போகும் என்று சொல்லிவிடுவேன். அந்த மீன் எங்கே நின்றது, எப்படித் தூண்டிலில் பட்டது என்பது மட்டும் அப்பா சொல்லித்தான் தெரியும், அவரும் அதிகம் சொல்ல மாட்டார்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அந்தமான் போய் வந்தோம். நான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு எப்படிப் போவது, என்ன செலவு, எந்தப் படகு என்று நிறையப் பேர் கேட்டார்கள். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் இதில் பாதிக்கு மேல் அப்பா இருக்கிறார்.

தம்பி அங்கே தூண்டில் போட வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒரு சார்ட்டர் படகில் இன்ஜின் வேலை பார்க்கிறான், இது மூன்றாவது வருஷம். சார்ட்டர் படகு என்றால் ஆளுக்கு ஒரு டிக்கெட் எடுத்து ஏறுகிற படகு இல்லை. ஒரு நாளைக்கு மொத்தப் படகையும் நாம் பேசி எடுக்கிறோம், கேப்டனும் உதவிக்கு இரண்டு ஆட்களும் அதோடு வருவார்கள், கம்பும் ரீலும் அவர்களிடமே வாடகைக்குக் கிடைக்கும். கட்டணம் படகுக்குத்தான் என்பதால் நாலு பேர் சேர்ந்தால் செலவு பிரியும், ரெண்டு பேர் போனால் கை கடிக்கும். நாங்கள் நான், என் வீட்டுக்காரர், அப்பா, தம்பியின் சிநேகிதன் ஒருவன் என்று நாலு பேர். திருவனந்தபுரத்திலிருந்து சென்னை, சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேர். 2024-இலிருந்து அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். அப்பாவைக் கிளப்பியதுதான் பெரிய வேலை. "சும்மா வெளயாட்டுக்கு மீன் புடிக்கவா அவ்வளவு தூரம் போணும்?" என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். மகனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மா சொன்ன பிறகுதான் சரி என்றார்.

தம்பியின் படகு முதல் நாள் வேறு ஆட்களுக்குப் போயிருந்தது. ஒரு நாளை வீணாக்க வேண்டாமே என்று நான் ஊரிலிருந்தே இணையத்தில் தேடி இன்னொரு படகுக்கு முன்பணம் கட்டியிருந்தேன். காலையில் ஐந்தரைக்கு ஜெட்டிக்குப் போனால் படகு நன்றாகத்தான் இருந்தது, வெள்ளை பெயின்ட், மேலே நிழலுக்குக் கூரை. அப்பா ஏறவில்லை. அணியம் என்கிற முன்முனையிலிருந்து அமரம் என்கிற பின்முனை வரைக்கும் கரையில் நின்றபடியே ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். இரண்டு. நாங்கள் நாலு பேர், படகுக்காரர்கள் இரண்டு பேர். வயர்லெஸ் இருக்கிறதா? பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறார்களாம். கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது, என்ன பயம் என்று அந்த ஆள் சொன்னார். அப்பா திரும்பி என்னிடம், "மக்ளே, எறங்கு" என்றார், அவ்வளவுதான். முன்பணம் போயிற்று, திரும்பக் கேட்டும் தரவில்லை.

எனக்கு அப்போது பணம் போன கோபம்தான் இருந்தது. நாற்பது வருஷம் லைஃப் ஜாக்கெட் போடாமல் கடலுக்குப் போனவர், இங்கே வந்து இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று இருந்தது. ரூமுக்குத் திரும்பி டீ குடிக்கும்போது அவரே சொன்னார். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அன்றைக்கு அப்பா கடலில் இல்லை, முந்தின நாள் காய்ச்சல். அவரோடு தூண்டிலுக்குப் போகிற ரெண்டு பேர் போனார்கள், ஒருவர்தான் வந்தார். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் எத்தனை வீடுகளில் இன்னும் படம் மாட்டியிருக்கிறது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த ஒருவர் ரெண்டு நாள் கழித்து வந்தபோது காலி கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்ததாகச் சொன்னாராம். அப்பா இதை எங்களிடம் சொன்னது அன்றைக்குத்தான், ஏழு வருஷத்துக்கும் மேல் கழித்து.

எனவே எந்தப் படகு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். படத்தில் தெரிகிற மீனைப் பார்த்துப் பேசாதீர்கள். தலைக்கு ஒரு ஜாக்கெட் இருக்கிறதா, வயர்லெஸ் வேலை செய்கிறதா, காற்று எழும்பினால் திரும்பலாம் என்று முடிவெடுக்கிறவர் கேப்டனா, இல்லை கரையில் உட்கார்ந்திருக்கும் முதலாளியா, இதைக் கேளுங்கள். காற்றைப் பார்த்துவிட்டு இன்றைக்குப் போக வேண்டாம் என்று ஒரு கேப்டன் சொன்னால் அவரை விடாதீர்கள், மறுநாள் அவரோடேயே போங்கள்.

மறுநாள் தம்பியின் படகு. கேப்டன் கரேன் இனத்தவர், மாயாபந்தர் பக்கம். 1920-களில் ஆங்கிலேயர் பர்மாவிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய மக்கள் இவர்கள், கடலும் காடும் நன்றாகத் தெரிந்தவர்கள். அவருக்குத் தமிழ் நாலைந்து வார்த்தை, அப்பாவுக்கு இந்தி ஒரு வார்த்தையும் தெரியாது. கிளம்பி ஒரு மணி நேரத்தில் ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள், கையால்தான். ஓரிடத்தில் கேப்டன் வேகத்தைக் குறைத்து, தூரத்தில் ஒரு சின்னத் தீவின் முனையையும் அதற்குப் பின்னால் தெரிந்த ஒரு மலையையும் காட்டி, இரண்டு விரலை ஒன்றாகச் சேர்த்தார். அப்பா சிரித்துவிட்டார். எங்கள் ஊரில் வேளிமலையின் ஒரு முகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேரில் வைத்துத்தான் கடலுக்கடியில் இருக்கிற பாரைக் கண்டுபிடிப்பார்கள். பார் என்றால் எங்கள் பக்கம் கடலுக்குள் கிடக்கிற பாறைத்திட்டு. ஜிபிஎஸ் வந்த பிறகும் அப்பா மலையைப் பார்க்காமல் தூண்டில் இறக்க மாட்டார். இங்கேயும் கேப்டன் முன்னால் கருவி இருந்தது, அவர் பார்த்தது மலையைத்தான்.

அந்தப் பாறை விளிம்பில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வந்து மோதுகிற இடத்தில் தண்ணீரின் மேல் ஒரு கோடு தெரியும், ஒரு பக்கம் சுருக்கம் சுருக்கமாக, மறுபக்கம் வழவழவென்று. அதன் மேல்தான் எறிய வேண்டும். எறிகிறது இரை இல்லை, பாப்பர் என்கிற பொய்மீன். நான் வைத்திருந்தது சாணளவு நீளம், 150 கிராம், வாய்ப்பக்கம் கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கும். கம்பை ஒரு வெட்டு வெட்டினால் அந்தக் குழி தண்ணீரை அள்ளி முன்னால் அடிக்கும், 'களக்' என்று சத்தம் வரும், அடிபட்ட மீன் மேலே துள்ளுகிற மாதிரியே. கீழே நிற்கிற பாரை மீன், ஆங்கிலத்தில் ஜயன்ட் டிரெவல்லி என்கிற பெரிய பாரை, அதைக் கேட்டுத்தான் வருகிறது. எட்டடிக் கம்பு, நெல்மணி அளவு கனம்கூட இல்லாத பின்னல் நூல், அதன் முனையில் தடித்த தங்கூசு நரம்பு, அதாவது நைலான் இழை, இரண்டு பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்). அப்பா அந்த நூலை விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதில் எவ்வளவு கனம் நிற்கும் என்று கேட்டார், தம்பி சொன்னதை நம்பவில்லை, தன் கையில் சுற்றி இழுத்துப் பார்த்து விரலை அறுத்துக்கொண்டார்.

இருபது முப்பது எறிக்குள் தோள் இரண்டும் எரிய ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரர் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார், அவருக்கு ஏற்கெனவே தலைச்சுற்று. மாத்திரையை முந்தின ராத்திரியே போட்டிருக்க வேண்டும், படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. நான் நிறுத்தவில்லை. எத்தனாவது எறியோ தெரியாது, பாப்பரைச் சுற்றித் தண்ணீர் குழியாக உள்ளே போனது, பிறகு வெடித்தது. ஒரு கருத்த முதுகைப் பார்த்தேன். அவ்வளவுதான் பார்க்க நேரம், ரீல் கத்த ஆரம்பித்துவிட்டது. கம்பின் அடிமுனை இடுப்புப் பட்டையில் இருந்தது, இல்லாவிட்டால் வயிற்றில் குத்தியிருக்கும். பாரை பட்டதும் நேராகப் பாறைக்குத்தான் ஓடும், பாறையில் நூல் உரசினால் முடிந்தது, அதனால் கேப்டன் உடனே படகைத் திருப்பி ஆழத்தின் பக்கம் ஓட்டினார். தம்பி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அப்பா அமரத்தில் எழுந்து நின்று கத்துகிறார், "குடு, குடு, அது போட்டும்... இப்ப இழு! லேய், அவளுக்கத் தோளப் புடிக்காதல, அவ இழுப்பா!" என் வாழ்நாளில் அப்பா எனக்காக அப்படிக் கத்தியதில்லை. பத்து நிமிஷமோ பன்னிரண்டு நிமிஷமோ. படகோரம் வந்தபோது வெள்ளி மாதிரி, பக்கவாட்டில் ஒரு முறம் அளவு. கேப்டன் கையுறை போட்ட கையால் வாலடியைப் பிடித்து ஏற்றினார். 18 கிலோ இருக்கும் என்றார். ஜப்பானில் 2006-இல் 72.8 கிலோவில் ஒன்று பிடித்திருக்கிறார்கள், தூண்டிலில் உலக சாதனை அதுதான். எனக்கு இந்த 18 போதும்.

அப்புறம்தான் விஷயம். தம்பி குறடை எடுத்துத் தூண்டிலைக் கழற்றினான், எதிர்முள்ளை முதலிலேயே நசுக்கி வைத்திருந்ததால் சட்டென்று வந்துவிட்டது. கேப்டன் கடல் தண்ணீரில் நனைத்த துணியை மீனின் கண்மேல் போட்டார். ஒரே ஒரு படம், வயிற்றுக்கடியில் கை கொடுத்துப் படுக்கை வாக்கில். வாயைப் பிடித்துத் தொங்கவிட்டால் உள்ளுறுப்பு அறுந்துவிடும். அப்பா பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மீனைத் தண்ணீரில் இறக்குவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"மக்ளே, இத விட்டுருவியளா?"

ஆமாம் அப்பா என்றேன். எனக்கும் அந்த நேரத்தில் மனசு கேட்கவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். மீன் விற்ற காசில் படித்தவள் நான். பிடித்த மீனை விடுவது எங்கள் வீட்டில் பாவம் மாதிரி, சோற்றைக் கொட்டுவது மாதிரி. கேப்டன் மீனின் தலையை நீவாட்டுக்கு எதிராகப் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தார், செவுளுக்குள் தண்ணீர் ஏற. கொஞ்ச நேரத்தில் வாலை ஒரு உதறு உதறிவிட்டு இறங்கிப் போய்விட்டது. அப்பா பெட்டியை மூடினார். "எனக்க ஆயுசுல இப்பிடி ஒரு பாரைய நான் கையால விட்டதில்ல" என்றார். பிறகு ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

மதியம் சாப்பிடும்போது தம்பியிடம் சொல்லி கேப்டனைக் கேட்கச் சொன்னார், விட்ட மீன் மறுபடி பட்டிருக்கிறதா என்று. பட்டிருக்கிறதாம். மேலுதட்டில் கிழிசல் உள்ள ஒரு பாரையை அதே பாறையில் இரண்டு வருஷத்தில் மூன்று தடவை பார்த்திருக்கிறாராம். அந்தப் பாறையில் பெரிய பாரை எத்தனை நிற்கும், ஒரு சீசனில் எத்தனை பேர் வந்து தூண்டில் போடுவார்கள், எல்லாரும் எடுத்துக்கொண்டு போனால் மூன்றாவது வருஷம் எனக்கு என்ன வேலை என்று கேட்டாராம். பாரை முட்டையிடுகிற பருவத்துக்கு வரவே சுமார் மூன்று வருஷம் ஆகும், 60 சென்டிமீட்டர் வளர வேண்டும். நாங்கள் பிடித்தது அதையெல்லாம் தாண்டி எத்தனையோ தடவை முட்டையிட்டிருக்கும். அப்பா கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். நம்ம பாரிலும் முன்னால் இப்படி நின்றது என்று மட்டும் சொன்னார்.

மதியத்துக்கு மேல் ஆழத்தில் ஜிக் போட்டோம், ஈயக்கட்டி மாதிரியான பொய்மீனை 80 மீட்டர் இறக்கி மேலே மேலே வெட்டி இழுப்பது. ஒரு கலவா பட்டது. இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஆழத்திலிருந்து கலவாவை வேகமாகத் தூக்கினால் அதன் உள்ளே இருக்கிற காற்றுப்பை ஊதி, வயிறு வாய்வழியே பிதுங்கி வந்துவிடும், கண்ணும் தள்ளும். அதை விட்டேன் என்று சொல்லித் தண்ணீரில் போட்டால் மேலேயே மல்லாந்து மிதக்கும், கழுகுக்குத்தான் லாபம். ஈயம் கட்டித் திரும்ப ஆழத்துக்கு இறக்கி விடுகிற கருவி இருக்கிறது, அது படகில் இல்லையென்றால் ஆழத்து மீனை விடுவதாகப் படம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்று பிடித்தால் சமைத்துச் சாப்பிடுங்கள், அதோடு தூண்டிலைச் சுற்றி வையுங்கள். கலவா பெண்ணாகப் பிறந்து பெரிதான பிறகு ஆணாக மாறுகிற மீன், பெரியதாகப் பார்த்துப் பார்த்து எடுத்தால் அந்தப் பாரில் ஆணே மிஞ்சாது. இதை நான் விளக்க ஆரம்பித்ததும் அப்பா, பெரிய கலவாவை அறுத்தால் சினை இருப்பது அபூர்வம் என்று சாதாரணமாகச் சொன்னார். அவர் கத்தியால் படித்த பாடம் அது.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும், மே பாதிக்கு மேல் மழைக்காற்று வந்துவிடும். சூரியன் சீக்கிரம் உதித்து மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்குகிறது, அதனால் படகு விடியும்போதே கிளம்பும். தூண்டில், குறடு எல்லாம் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் போடுங்கள். முதல் தடவை போகிறவர்கள் கம்பும் ரீலும் வாங்க வேண்டியதில்லை, ஷிமானோ, டைவா நல்ல ரீல் ஒன்றின் விலைக்கு இங்கே பைக்கே வாங்கலாம். முழுக்கைச் சட்டை, கழுத்துக்குத் துணி கட்டாயம். பழங்குடிக் காப்பகத்தையும் தேசியப் பூங்காக்களையும் சுற்றி எல்லை உண்டு, அதைத் தாண்டிப் போகலாம் என்று ஆசை காட்டுகிற ஆளோடு போகாதீர்கள். தமிழ் பேசுகிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள், சாப்பாட்டுக்குக் கவலையில்லை. லட்சத்தீவுக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தார்கள், அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானம், மற்றத் தீவுகளுக்குக் கப்பல். மினிக்காயில் உயிர் இரை வீசி, கம்பால் சூரை மீனைத் தூக்கிப் போடுவதைப் பார்க்கவாவது ஒரு தடவை போக வேண்டும், நம் வீட்டு மாசிக் கருவாடு வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

நம் கடலில் இது நடக்குமா என்பதைத்தான் திரும்பி வந்த நாளிலிருந்து யோசிக்கிறேன். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் கிடக்கிறது, இந்தியப் பெருங்கடலில் பேர்பெற்ற மீன்மேடு, இலங்கையோடு போட்ட 1976 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு உறுதியானது. தூண்டில் தொழில் தெரிந்தவர்கள் தூத்தூரிலிருந்து சின்னமுட்டம் வரை இருக்கிறார்கள், சுறாவுக்காக மாலத்தீவு தாண்டிப் போய் வந்தவர்கள். கன்னியாகுமரிக்கு வருகிற கூட்டத்தில் நாலு பேரை ஒரு நாள் பாதுகாப்பாக அழைத்துப் போய்த் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தால், மீன்பாடு இல்லாத நாளிலும் அந்த வீட்டில் அடுப்பு எரியும். முறையான அனுமதி, காப்பீடு, ஜாக்கெட் எல்லாம் சேர்ந்து வர வேண்டும், குறுக்கு வழியில் யாரும் ஆரம்பித்துவிடக் கூடாது. முட்டம் பாறையில் நின்று தூண்டில் போடுகிற பையன்களுக்கும் இதையே சொல்வேன், கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் அங்கே நிற்காதீர்கள். எங்கோ தெற்கில் அடித்த புயலின் அலை அது, இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், பாறையில் நிற்கிறவனை ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டு போய்விடும்.

போன மாதம், ஆனி ஆடிக் கடல் அடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, அப்பா என்னை வள்ளத்தில் ஏற்றினார். நான் கேட்கவில்லை. வெள்ளி ராத்திரி போனில், "காலைல நாலு மணிக்கு வா, அந்தக் கம்பையும் கொண்டு வா" என்றார், வைத்துவிட்டார். கரையில் வள்ளம் தள்ளுகிற சித்தப்பாமார் என்னைப் பார்த்தார்கள், அப்பாவைப் பார்த்தார்கள், எதுவும் சொல்லாமல் தள்ளினார்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் வைத்திருந்தார், புதுசு, விலைச்சீட்டுகூடப் பிய்க்கவில்லை. பாருக்குப் போய் வேளிமலையை எனக்குக் காட்டிக்கொடுத்தார், கோபுரத்துக்கு மேல் முகடு வந்து உட்காருகிற இடம் வரைக்கும் இன்ஜினை மெதுவாக விட்டு விட்டு. அங்கே என் நரம்பில் முதலில் ஒரு உள்ளங்கை அளவு கலவாக் குஞ்சு வந்தது, அது கரைப்பார், ஆழம் குறைவு, வயிறு பிதுங்கவில்லை. அப்பா கையைக் கடலில் நனைத்துவிட்டு அதைக் கழற்றிப் பக்கவாட்டில் விட்டார். அடுத்தது ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பாரை. அதைப் பெட்டியில் போட்டார்.

திரும்பி வரும்போது அம்மா பாத்திரத்தோடு கரையில் நின்றாள், எப்போதும் அப்பாவுக்காக நிற்கிற அதே இடத்தில். மற்ற மீனெல்லாம் ஏலத்துக்குப் போயிற்று. அந்தப் பாரையை மட்டும் சேலை முந்தானையால் மூடி வைத்துக்கொண்டு, யார் விலை கேட்டும் கொடுக்கவில்லை. தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு வைத்தாள்.